வேறு வால்வு

ஸ்ட்ரெச்சர் நகரும்போதுதான் அவள் அந்தப் பெட்டியைப் பார்த்தாள்.

அப்பாவின் கால்மாட்டில், கேஸ் ஷீட்டின்மேல் இருந்தது. வெள்ளை அட்டைப் பெட்டி. நீல எழுத்தில், அப்பாவின் இதயத்தில் வைக்கப்போகும் வால்வின் பெயர்.

அவளுக்குத் தெரிந்த பெயர்.



இதே மருத்துவமனையின் இரண்டாம் மாடியில்தான் அவளுக்கு வேலை. இதய மருத்துவத்துக்கான ஓர் ஆய்விதழ். அலுவலகம் என்றால் ஒரு மேசை, ஒரு கணினி, அவள். அதன் ஆசிரியர் இங்கே தலைமை அறுவை மருத்துவர்; அவள் சார் என்றுதான் கூப்பிடுவாள். அவர் கணினியைத் தொடுவதில்லை. இரண்டு ஆபரேஷனுக்கு நடுவே போனில் சொல்வார். அவருடைய பாஸ்வேர்டில் நுழைந்து, சொன்னதை அவள் செய்வாள்.

இந்த வால்வைப் பற்றிய கட்டுரை போன மாத இதழில் வெளியானது.

வெளியிடும் முன் அதை மதிப்பிட்ட மருத்துவர் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். வால்வு வைத்த ஒரு வருடத்துக்குள் யாருக்கெல்லாம் ரத்தம் கசிந்ததோ, அவர்களைக் கணக்கில் சேர்க்காமலே விட்டிருக்கிறார்கள் என்று.

அந்த ஆள் எதற்கும் குறைதான் சொல்வார், அதை விடும்மா என்றார் சார். கட்டுரையை மறுபடி மதிப்பிடத் தன் நண்பர் ஒருவருக்கு அனுப்பச் சொன்னார். இருவரும் சேர்ந்து வால்வு கம்பெனியின் செலவில் வியன்னா போய்வந்தவர்கள். டிக்கெட்டை அச்செடுத்துக் கொடுத்தவளே அவள்தான்.

நண்பர் நான்கே வரியில் பாராட்டிவிட்டார்.

கடைசியாகத் திரையில் ஒரு கேள்வி வரும். இந்தக் கட்டுரையில் இதழாசிரியருக்குச் சொந்த ஆதாயம் ஏதும் உண்டா?

இல்லைன்னு போட்டுடும்மா என்றார்.

போட்டாள்.

ஒருவேளை தனக்குத்தான் புரியவில்லையோ. அவள் படித்தது பி.காம்., அதுவும் மாலை வகுப்பில். வால்வைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? மற்றவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்கும்போது, அப்பாவுக்கு உடனே தேதி கொடுத்தவரும் அவர்தானே.

தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றது.

சார் வந்தார். பச்சை உடை. முகவாய்க்குக் கீழே மாஸ்க்.

படுத்தபடியே அப்பா கும்பிட்டார். என் பொண்ணு உங்களிடம்தான் சம்பளம் வாங்குகிறாள், எனக்கு ஏதாவது ஆனால் அவள் ஒரு மாதம் லீவு போட்டுவிடுவாள், உங்களுக்குத்தான் கஷ்டம் என்றார். நர்ஸ் சிரித்தாள். சாரும் சிரித்தார்.

அவள் சாரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதிப்பீடுகளை அனுப்பிவைப்பதுதான் அவள் வேலை. படிப்பது அல்ல. இப்போது வாயைத் திறந்தால், படித்திருக்கிறாள் என்று தெரிந்துவிடும். வேலை போனால் போகட்டும். இந்தக் கைகள்தானே இன்னும் கொஞ்ச நேரத்தில் அப்பாவின் மார்பைத் திறக்கப்போகின்றன. அவற்றை எப்படிக் கோபப்படுத்துவது?

நர்ஸ் கதவைத் தள்ளினாள்.

"சார், அப்பாவுக்கு வேற வால்வு வைக்க முடியுமா சார்?"

அவர் அவளைப் பார்த்தார்.

ஏன் என்று கேட்பார். சித்தப்பா சொன்னார் என்று சொல்லலாம். பேப்பரில் படித்தேன் என்று சொல்லலாம்.

அவர் கேட்கவில்லை.

நர்ஸிடம் திரும்பி வேறொரு பெயரைச் சொன்னார். பெட்டியை மாற்றச் சொன்னார். மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு உள்ளே போனார்.

கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. அதுவரை, தனக்குப் புரியவில்லை என்று நினைக்க இடம் இருந்தது.

சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். 

வெகுநேரம் கழித்து அடுத்த ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது. அதில் படுத்திருந்தவர், நான் வருவதற்குள் முறுக்கைத் தீர்த்துவிடாதே என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் அவர் போர்வையை இழுத்துவிட்டாள்.

அவர் கால்மாட்டிலும் ஒரு வெள்ளைப் பெட்டி. அதே நீல எழுத்து.

அந்த அம்மாள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திண்டிவனத்திலிருந்து வருகிறார்களாம். டாக்டருக்கு நல்ல கைராசி என்று எல்லாரும் சொன்னார்களாம்.

அவள் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். அப்பா இன்னும் உள்ளேதான் இருந்தார்.

வெளியே வரட்டும். வந்த பிறகு சொல்லலாம். ஆனால் அப்பா வெளியே வந்ததும் இவரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

"அக்கா, வேற வால்வு வைக்கச் சொல்லி நர்ஸ்கிட்ட சொல்லி அனுப்புங்க. இப்பவே."

அந்த அம்மாள் அவளையே பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள்.

"நாங்க யாரும்மா அதெல்லாம் கேக்க? டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரா?"

"ஏன்னு கேக்க மாட்டாருக்கா."

அந்த அம்மாள் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இரண்டு அடி போய்த் திரும்பினாள்.

"யாரு சொன்னதுன்னு கேட்டா?"

கதவுக்கு அந்தப் பக்கம் அப்பாவின் மார்பு திறந்திருக்கும். அந்தக் கைகள் உள்ளே இருக்கும்.

அவள் வாயைத் திறந்தாள். 

"வினோதினின்னு சொல்லுங்க."