திட்டினால் திறக்கும் கதவு

"அஞ்சு மணிக்கு மேல படகு கிடையாது. நாளைக்கு வாங்க!" காம்பியா ஆற்றுப் படகுத்துறையின் கம்பிக் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் கையை விரித்தாள்.

எப்ரிமா கதவை நெருங்கினான். வழிகாட்டி வேலையில் இதுதான் அவனுக்கு முதல் குழு. பழங்காலக் கல்வட்டங்களைப் படமெடுத்தே பொழுதைப் போக்கிவிட்ட ஆறு வெள்ளைக்காரர்களுக்கு நாளைக் காலை விமானம். நீர்யானையைக் காட்டாமல் அனுப்பினால் வேலைக்கே வேட்டு.

அவள் சட்டையில் பெயர்ப்பட்டி தெரிந்தது: பாஜி.

ஒரு விநாடி விழித்தவன், சட்டென்று குரலை உயர்த்தினான். "அட, பாஜியா நீ? எங்க வீட்டு அடிமையா? நான் ஜூஃப்! எசமான் வந்திருக்கேன், திற கதவை!"

பாஜி குலத்துக்கும் ஜூஃப் குலத்துக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலி உறவு. முன்பின் தெரியாதவர்களும் திட்டிக்கொள்ளலாம். கோபப்படக் கூடாது, கேட்டதை மறுக்கவும் கூடாது.

அவள் கொஞ்சம் திகைத்தாள். பிறகு இடுப்பில் கை வைத்தாள். "யாருடா எசமான்? உங்க தாத்தா எங்க வயல்ல நாத்து நட்டுட்டு, கூலிக்குக் கருவாட்டுத் தலை வாங்கிட்டுப் போனவரு! ஜூஃப்காரங்களுக்கு வயிறு மட்டும்தான் இருக்கு, மூளை கிடையாது!"

"பாஜிங்க மூளை பனங்கள்ளுல ஊறிக் கிடக்கு! கல்யாணத்துக்குப் போனா மாப்பிள்ளையை விட்டுட்டுக் கள்ளுப்பானையைக் கட்டிப்பிடிக்கிற கூட்டம்!"

வெள்ளைக்காரர்கள் வெலவெலத்துப் போனார்கள். "போலீஸைக் கூப்பிடட்டுமா?" என்றார் ஒரு பெரியவர்.

கதவு படாரென்று திறந்தது. "ஏறித் தொலைங்க! உன்னைப் பார்த்து நீர்யானை, சொந்தக்காரன் வந்துட்டான்னு கொஞ்சப் போகுது!" அவளுக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது.

பதினோரு நீர்யானைகள்! குழு கூத்தாடிக்கொண்டே கரையேறியது. எப்ரிமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவள் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள். "அண்ணே, மன்னிச்சிடுங்க. இது என் தோழியோட சட்டை. அவ அக்கா குழந்தைக்கு இன்னிக்குப் பேர் வைக்கிறாங்க, அவளுக்குப் பதிலா நான் நிக்கிறேன். நானும் ஜூஃப்தான். நம்ம ஆளுங்களையே வாய் கூசாம திட்டிட்டேன்!"

எப்ரிமா தலையைச் சொறிந்தான். "அண்ணன்னு சொல்லாதம்மா. பட்டியில எங்க பேரைப் பார்த்தேன். கூடப்பிறந்தவன் மாதிரி வந்து நின்னா, போடான்னு விரட்டிடுவியேன்னுதான் மாத்திச் சொன்னேன்." உரிம அட்டையை நீட்டினான்: எப்ரிமா பாஜி.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். மறுபடி இடுப்புக்குக் கை போயிற்று.

"அப்ப நான்தான்டா எசமானி! படகைக் கழுவிட்டுப் போ, அடிமை!"