இரண்டு ராஜா

சம்பந்தி வைத்தியலிங்கம் கள்ள ஆட்டம் ஆடுகிறார் என்று சோமுவுக்குச் சந்தேகம். போக்கரில் சோமுவுக்கு முதல் இரண்டு சீட்டும் ஜோடியாக விழுந்தால் போதும், மனிதர் உடனே சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவார். பந்தயம் புளியங்கொட்டைதான்; ஆனால் மானம் போகிறதே!

நாலு சீட்டுக்கட்டு மாற்றியாயிற்று. சம்பந்தி வீட்டுக் கண்ணாடிக்கே முக்காடு போட்டாயிற்று.

இன்று இரண்டு ராஜா. 'சின்ன ஜோடின்னா பொறு. இது பெரிசு, பந்தயத்தை மெதுவா ஏத்தி ஆளை உள்ள இழு' என்று தமக்குள் சொல்லிக்கொண்டார் சோமு.

வைத்தியலிங்கம் கவிழ்த்துவிட்டார்.

"எப்படிங்க தெரியுது? உண்மையைச் சொல்லுங்க, இல்லேன்னா இந்தக் கோவில்பத்து ஊர்ப் பக்கமே வரமாட்டேன்!"

வைத்தியலிங்கம் மேசையிலிருந்த காது மெஷினை எடுத்துச் சோமுவின் காதில் மாட்டினார்.

"கவனம் செதறுதுன்னு இதைக் கழட்டி வெச்சுடுறீங்க. மனசுக்குள்ள பேசுறதா நெனச்சு நீங்க போடுற சத்தம் பக்கத்து ஊரு தருமபுரம் வரைக்கும் கேக்குதுங்க, சம்பந்தி!"