அபிமான நேயர்

வானொலி அறிவிப்பாளராக இருந்து, கவுன்சிலராகி, சட்டமன்றத்துக்கும் போய், இப்போது சுகாதார அமைச்சராக உட்கார்ந்திருந்தவருக்குத் தன் குரல் மேல் அப்படியொரு காதல். மனு வாங்கும் நாளில் வெறுங்கையோடு வந்து நின்றான் ஓர் இளைஞன்.

“மனு எங்க தம்பி?”

“எழுதிட்டு வரல சார். உங்க குரலைப் பத்திப் பேச வந்தேன்.”

அமைச்சர் நிமிர்ந்தார். “அட, நம்ம நேயரா!”

“நீங்க பேசினது ஒண்ணு எனக்கு மனப்பாடம். எந்த இடத்துல இழுப்பீங்கன்னுகூடத் தெரியும்.”

“கேட்டியாய்யா?” என்று உதவியாளரைப் பார்த்துச் சிரித்தார். “சொல்லுங்க பாப்போம்.”

இளைஞன் அதே ஏற்ற இறக்கத்தோடு சொன்னான். “அன்பு நெஞ்சங்களே, வணக்கம். உங்கள் உயிர் எங்கள் பொறுப்பு. ஆறே மாதத்தில் நூறு புதிய வாகனங்களைத் தந்த உங்கள் அரசின் சார்பில்...”

உதவியாளரின் சிரிப்பு நின்றுவிட்டது. அமைச்சருக்கு இன்னும் பிடிபடவில்லை. “அச்சு அசல்! எத்தனை தடவை கேட்டீங்க?”

“ஒன்பது தடவை சார், ஒரே மத்தியானத்துல. என் மனைவிக்கு மூச்சுத் திணறுதுன்னு ஆம்புலன்ஸுக்கு அடிச்சேன். உங்க பேச்சு முடிஞ்சாத்தான் ஆள் எடுப்பாங்களாம். அதுக்குள்ள லைன் கட்டாகும். திரும்ப அடிப்பேன், திரும்ப நீங்க. பத்தாவது தடவை அடிக்க வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு.”

செல்போனை மேசையில் வைத்து அழுத்தினான். பதிவாகியிருந்த அழைப்பில் அமைச்சரின் குரல் கணீரென்று ஒலித்தது. அதற்குப் பின்னால் ஒரு பெண் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள்.

“நிறுத்துப்பா!” அமைச்சரின் கை போனை நோக்கிப் பாய்ந்தது. இளைஞன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

“இதுதான் சார் என் மனு. அந்தப் பேச்சை எடுங்க, அடிச்சதும் ஆள் பேசட்டும். இப்ப இதை முழுசாக் கேளுங்க. நான் கேட்டேன்ல?”