விழப்போகும் பல்லுக்கு ஓர் அடைப்பு

ஏழு வயதுப் பூவிழியின் வாயில் ஒரு பால் கடைவாய்ப்பல்லில் சொத்தை விழுந்து, குடைந்துகொண்டே போனது.

"விழப்போற பல்லுக்கு வைத்தியம் எதுக்கு அண்ணாச்சி? பேசாம கிளம்புங்க" என்றது ஆடிக்கொண்டிருந்த முன்பல்.

கடைவாய்ப்பல்லுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிட்டாய் தின்ற பூவிழியும் இதையே சொன்னாள், வாங்கிக் கொடுத்த அவள் அப்பாவும் இதையே சொன்னார். இருவர் சொன்னதையும் அது மறக்கவில்லை.

"நீ அடுத்த வாரம் விழுந்துடுவே. நான் இன்னும் நாலு வருஷம் நிக்கணும். எனக்குக் கீழே ஒருத்தன் வளர்றான். நான் இப்பவே போனா, பக்கத்துல இருக்கறவன் சரிஞ்சு வந்து அவன் இடத்தைப் பிடிச்சுக்குவான். எத்தனை தடவைடா சொல்றது?"

நல்லவேளை, வலி தாங்காமல் பூவிழி அழுததில் அப்பா அவளைப் பல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். டாக்டர் அம்மா கதை பேசியபடியே சொத்தையை வலிக்காமல் சுரண்டி எடுத்து, வெள்ளைப் பசை வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுகச் செய்தார். பூவிழி சிணுங்கக்கூட இல்லை.

அப்பாடா, கீழே வளர்பவன் இடம் தப்பியது என்று கடைவாய்ப்பல் நிமிர்ந்தது. ஈறுக்குள்ளிருந்து ஒரு குரல் சலித்துக்கொண்டது.

"என்ன பெரியப்பா, அடைச்சு வேற விட்டுட்டாங்களா? அப்போ நீங்க இப்போதைக்கு இடத்தைக் காலி பண்ண மாட்டீங்க!"