நிறுத்தியவர்கள் பட்டியல்

இருநூற்றுப் பதினான்காவது எண் திரையில் வந்ததும் அவள் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே போன் எண் அது. அவள் கணவனுடையது.

திரையில் பெயர் இருக்காது. எண், கிளை, மருந்து, கடைசியாக வாங்கிய தேதி. பெயரை மறைத்துவிட்டால் ரகசியம் காத்ததாகிவிடும் என்பது மருந்துக் கடை நிறுவனத்தின் கணிப்பு.

ஸ்ரீரங்கம் கிளை. பிரிவு: மனநலம். பதின்மூன்று முறை வாங்கியிருக்கிறார். கடைசியாக வாங்கி அறுபத்தெட்டு நாள்.

அவள் வீடு அரியமங்கலத்தில். அவள் கணவன் வேலை பார்க்கும் டிராக்டர் உதிரிபாகக் கடையும் அங்கேதான். காவிரிக்கு அந்தப் பக்கம் அவர்களுக்கு யாரும் இல்லை.

தேதிகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் மாதத்தின் முதல் சனிக்கிழமை.

முதல் சனிகளில் அவன் நேரம் கழித்து வருவதை அவள் எப்போதோ கவனித்திருந்தாள். லோடு வந்தது என்பான். அவன் சட்டையை மோந்து பார்த்திருக்கிறாள். ஒரு தடவை கேட்டே விட்டாள், யாரு அவ என்று. அவன் கோபப்படவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

மாத்திரை வாங்கத்தான் ஆற்றைத் தாண்டியிருக்கிறான்.

அவளுடையது போன் செய்யும் வேலை என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். என்ன பட்டியலைப் பார்த்து அழைக்கிறாள் என்று அவள் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

நாற்பது கிளை. ஆறு வருட பில். யார் எந்த மாத்திரை வாங்குகிறார்கள், யார் திடீரென்று நிறுத்திவிட்டார்கள் என்று கம்ப்யூட்டர் பிரித்துக் கொடுக்கும். நிறுத்தியவர்களை அவளும் இன்னும் ஆறு பெண்களும் அழைப்பார்கள்.

இன்சுலினை விட்டிருந்த பெரியவர் ஒருவர் அவள் அழைத்ததால் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்தார். அவர் மகள் போனில் அழுதாள். அதே வாரம் இன்னொருவர், என் வியாதி உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். இரண்டு பேருக்கும் அவள், பேசுவதற்கென்று கொடுத்திருந்த தாளில் இருந்த ஒரே வரியைத்தான் படித்தாள்.

"மனநலத்த இன்னிக்குள்ள முடிச்சிருங்கம்மா." சூப்பர்வைசர் பெனடிக்ட் பின்னால் வந்து நின்றார். "திங்கக்கெழம இந்த லிஸ்ட் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போவுது."

"நம்பரோடயா சார்?"

"நம்பர் இல்லாம அவங்க அத வச்சு என்ன பண்ணுவாங்க?"

அவரும் களைத்துத்தான் இருந்தார். கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டே அடுத்த மேஜைக்குப் போனார்.

திரையில் அவன் எண்ணுக்கு நேரே கடைசிக் கட்டத்தில் இருந்தது: மீண்டும் வாங்க வாய்ப்பு, ஒன்பது சதவீதம்.

கம்ப்யூட்டர் அவனைக் கைவிட்டிருந்தது.

இரண்டு மாதமாக அவன் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் உள்ளேயே இருக்கிறான். தண்ணீர் வீணாகிறது என்று அவள் கதவைத் தட்டியிருக்கிறாள். நேற்றுகூட.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அழுத்தினாள்.

"வணக்கம் சார். மருந்துக் கடை ஹெட் ஆபீஸ்லேர்ந்து பேசறோம்."

அந்தப் பக்கம் ஏதோ இரும்பைத் தரையில் வைக்கும் சத்தம்.

"இந்தக் கால் ரெக்கார்ட் ஆவுது சார்." அதை மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

மூச்சு கேட்டது. பதினேழு வருடமாகப் பக்கத்தில் கேட்கும் மூச்சு.

"சொல்லுங்க மேடம்."

"வழக்கமா வாங்குற மாத்திரய ரெண்டு மாசமா வாங்கலயே சார். டாக்டரக் கேக்காம நிறுத்தக் கூடாது."

"சரியாயிருச்சுன்னு நெனச்சேன் மேடம்."

"ஆயிருச்சா சார்?"

அது தாளில் இல்லாத கேள்வி.

"இல்ல."

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்ல சொல்லல மேடம். அவளுக்கே ஆயிரம் கவலை."

"இன்னிக்கே ஸ்ரீரங்கம் டாக்டரப் பாருங்க சார். தனியாப் போவாதீங்க. வீட்ல அவங்களக் கூட்டிக்கிட்டுப் போங்க."

"வருவாளா மேடம்?"

"வருவாங்க."

அவன் வைக்கவில்லை. அவளாலும் முடியவில்லை. பக்கத்து மேஜைப் பெண் திரும்பிப் பார்த்த பிறகுதான் துண்டித்தாள்.

திரையில் மூன்று கட்டங்கள். வாங்குவார். வாங்கமாட்டார். தவறான எண்.

தவறான எண் என்று குறித்தால் அந்த எண் பட்டியலிலிருந்து போய்விடும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகாது.

குறித்தாள்.

இருநூற்றுப் பதினைந்து வந்தது. துறையூர்க் கிளை. ஒரு பெண் எடுத்தாள். எடுத்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். இவள் பொறுமையாகப் பேசினாள். டாக்டரைப் பார்க்கச் சொன்னாள்.

அதையும் தவறான எண் என்று குறித்தாள்.

அடுத்ததையும்.

நாலரை மணிக்கு பெனடிக்ட் மறுபடி வந்து திரையைப் பார்த்தார். மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தார்.

"என்னம்மா இது, இவ்ளோ தப்பு நம்பரா?"

"ஆமா சார்."

அவர் எதையோ கேட்க வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"அரை மணி முன்னாடி கெளம்பணும் சார்," என்றாள். "ஸ்ரீரங்கம் போவணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நன்றாகத் துடைத்தார்.

"மிச்ச நம்பர வேற யாருக்கும் மாத்திக் குடுக்கல," என்றார். "நாளைக்கு நீங்களே பேசுங்க."