வெனிஸ் முறைப்படி

“அந்தாளு நிக்கிற மேடையில நான் நிக்க மாட்டேன்னா மாட்டேன்தான்” என்றார் சாமிதுரை, டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டே.

“நிக்க வேணாம்பா” என்றாள் மகள் வாசுகி. “மண்டபத்துல நீங்க இந்தப் பக்கத்து பால்கனி, கோதண்டபாணி மாஸ்டர் அந்தப் பக்கத்து பால்கனி. நான் கீழ மேடையில. வெனிஸ்ல நானூறு வருஷம் முன்னாடியே சர்ச்சுல இப்படித்தான் தள்ளித்தள்ளி நிறுத்தி வாசிச்சாங்க. ஒரு செட்டு கேக்கும், இன்னொரு செட்டு பதில் சொல்லும்.”

“அங்கயும் பேச்சுவார்த்த கெடையாதா?”

விருத்தாசலத்தில் ஒரே பேண்டு செட்டாக இருந்தவர்கள்தான். ஊர்வலத்தில் யார் முன்னால் நடப்பது என்ற தகராறில் இரண்டாகப் பிரிந்தார்கள். பிழைப்புக்கு இருவருக்கும் ஒரே பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. அதிலும் வேறு வேறு ஷிப்ட் கேட்டு வாங்கியிருந்தார்கள்.

“நான் சென்னையில படிச்சுட்டு வந்து நடத்துற இசைப்பள்ளிக்கு மொத ஆண்டு விழாப்பா. ரெண்டு பேரும் வாசிக்கலன்னா என் வாழ்க்கையே போச்சு.” வாசுகிக்குக் கண் கலங்கிவிட்டது.

விழாவுக்குப் போய் இவ்வளவா என்று நினைத்தாலும் சாமிதுரை இறங்கி வந்தார். “கடைசி எப்படி?”

“ரெண்டு செட்டும் சேந்து முழுச் சத்தத்துல ஊதணும். நான் கைய எறக்குற வரைக்கும் நிறுத்தக் கூடாது.”

“அவன் பாதியில மூச்சு வாங்கி நிறுத்திடுவான் பாரு.”

“மாஸ்டரும் உங்களப் பத்தி அதேதான் சொன்னாரு.”

சாமிதுரைக்குச் சுருக்கென்றது. “ஊதிக் காட்டுறேன். ஆமா, அவன் மவன் அறிவழகனும் உன்கூட மேடையில நிக்கிறானாமே, எதுக்கு?”

“மியூசிக் நோட்ஸ் பக்கம் திருப்ப ஒரு ஆளு வேணுமில்லப்பா. என் ரெண்டு கையும் வேலையா இருக்கும்.”

விழாவன்று மண்டபம் நிறைந்துவிட்டது. சாமிதுரை ஊதினார், எதிர் பால்கனியிலிருந்து கோதண்டபாணி பதில் ஊதினார். ஆள் இன்னும் நன்றாகத்தான் வாசிக்கிறான் என்று சாமிதுரைக்குத் தோன்றியது. தோன்றியது பிடிக்கவில்லை.

வாசுகி இரண்டு கைகளையும் உயர்த்தினாள். இரண்டு செட்டும் சேர்ந்து முழங்கின.

அறிவழகன் நோட்ஸைத் திருப்பவில்லை. சட்டைப்பையிலிருந்து மஞ்சள் கயிற்றில் கோத்த தாலியை எடுத்தான்.

சாமிதுரை பார்த்தார். கோதண்டபாணியும் பார்த்தார். யார் முதலில் நிறுத்துவது என்று ஒருவரையொருவர் முறைத்தபடி, மூன்று முடிச்சும் விழுந்து வாசுகி கையை இறக்கும்வரை இருவரும் விடாமல் ஊதிக்கொண்டிருந்தார்கள்.