வாத்து இருக்கும் பக்கம்

"மூணு வருஷமா ஒரு வாத்துகூட விழலைன்னா அது துப்பாக்கியோட குத்தமா, பாத்துச் சொல்றவன் கண்ணோட குத்தமா? நீங்களே சொல்லுங்க பாய்."

உதயசூரியன் கேட்டது நியாஸிடம். லான்மடா கடைத்தெருவில் பழைய ஜப்பான் கேமராக்களும் பைனாகுலர்களும் விற்கிறவர் நியாஸ். குற்றம் சாட்டப்பட்ட கண்ணுக்குச் சொந்தக்காரரான செல்லையா பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

குளிர்காலம் வந்தால் இவர்கள் கோஷ்டி ஞாயிற்றுக்கிழமைகளில் மாவ்பி பக்கத்து ஏரிக்கு வேட்டைக்குப் போகும். துப்பாக்கி உதயசூரியனுடையது. காட்டு வாத்து எங்கே இறங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது செல்லையாவின் வேலை. அவர் கை காட்டின பக்கமாக எல்லோரும் சேற்றில் தவழ்ந்து போவார்கள். போய்த் தலையைத் தூக்கினால் எதிரே எருமை நிற்கும்.

அதனால்தான் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, செல்லையாவுக்கு ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்கித் தருவது என்று முடிவு. ஸ்டாண்டில் நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்க்கிற தொலைநோக்கி.

தைப்பூசத்துக்குச் சேலை எடுக்கக் கிளம்பி வந்த செல்லையாவின் மனைவி புஷ்பலதா, கடை ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பட்டினி கிடப்பாரு," என்றாள் நியாஸிடம். "ஞாயித்துக்கிழமை ஆனா கொலைக்குக் கை காட்டப் போயிடுவாரு."

நியாஸ் ஏற்கெனவே துடைத்த லென்ஸை இன்னொரு தடவை துடைத்தார்.

கரண்ட் இல்லை. ஸ்கோப்பை நடைபாதைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"புதுசு. சீனா சரக்கு. நூறு மடங்கு காட்டும். விலையும் உங்க பட்ஜெட்டுக்குள்ள."

உதயசூரியன் குனிந்து தெருக்கோடியைப் பார்த்தார். "செல்லையா, இதைப் பாரேன். காக்கா எருமை மாதிரி தெரியுது."

செல்லையா பார்த்தார். "எருமை மாதிரி தெரியுது சரி. காக்கா மாதிரி தெரியலையே."

நியாஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பெருசாத் தெரிஞ்சு என்ன பண்றது பாய்?" என்றார் செல்லையா. "கலங்கின தண்ணிக்குள்ள பாக்கிற மாதிரி இருக்கு. ஜூம் கம்மியா இருந்தாலும் பரவாயில்ல. விடியக்காலைப் பனியில துலக்கமாத் தெரியணும்."

"கொல்றதுல என்ன ஒரு அக்கறை," என்றாள் புஷ்பலதா.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. சைக்கா ரிக்‌ஷா ஓட்டுகிறவர் சவாரியை இறக்கி விட்டு வந்து பார்த்தார். சவாரி வந்தவரும் பார்த்தார். வெற்றிலைக் கடைக்காரர், காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருப்பதாகச் சொன்ன தன் மச்சான் தெருக்கோடி பீர் கடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, லொஞ்ஜியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினார். அவர் போய்ச் சேருவதை எல்லோரும் முறைவைத்துப் பார்த்தார்கள். மச்சான் மேஜைக்கடியில் ஒளிந்ததுவரை தெரிந்தது. நடைபாதையே குலுங்கிச் சிரித்தது.

நியாஸ் உள்ளே போய் இன்னொன்று எடுத்து வந்தார். பழைய ஜப்பான் ஸ்கோப். பெயிண்ட் உரிந்து, பார்க்கச் சின்னதாக இருந்தது.

செல்லையா கண்ணை வைத்தார். ரொம்ப நேரத்துக்குக் கண்ணை எடுக்கவேயில்லை.

"லதா, இங்க வா. சும்மா ஒரு தடவை பாரு."

வேண்டாவெறுப்பாக வந்து குனிந்தாள். தூரத்துக் கம்பியில் ஒரு குருவி. கழுத்துப் பக்கத்து மயிர் காற்றில் பிரிவதுகூடத் தெரிந்தது.

"ஐய, இறக்கையைக் கோதிக்கிட்டு இருக்குங்க. இப்ப நம்மளைப் பாக்குது," என்று சின்னப் பிள்ளைபோலச் சிரித்தாள். சட்டென்று நிமிர்ந்தாள். சிரிப்பு போய்விட்டது.

"இவ்வளவு கிட்டத்துல பாத்துட்டு, எப்படிங்க சுடச் சொல்றீங்க?"

செல்லையா நியாஸ் பக்கம் திரும்பினார். "இதுதான் பாய். இதையே கட்டுங்க," என்றார்.

விலையைக் கேட்டதும் உதயசூரியன் பின்வாங்கினார். "வேணாம்ப்பா, தாங்காது. அந்தப் பெருசையே எடுத்துக்கலாம்."

"மிச்சத்தை நான் போடறேன்," என்று செல்லையா சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார்.

புஷ்பலதா குறுக்கே வந்தாள். "அது சேலைக்கு வெச்ச காசு."

"சேலை அடுத்த தைப்பூசத்துக்கு எடுத்துக்கலாம் லதா."

உதயசூரியன் செல்லையாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா பாய், எங்க செட்லயே இவன்தான் நெச வேட்டைக்காரன். இந்த ஞாயித்துக்கிழமை எல்லார் வீட்டுலயும் வாத்துக் கறிதான்."

காரை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு விசிலடித்துக்கொண்டே போனார்.

புஷ்பலதா கணவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"என் சேலைக் காசுல ஒரு உசிரு போகப் போகுது. அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு வெச்சுட்டீங்க."

உதயசூரியன் முனை திரும்பும்வரை செல்லையா காத்திருந்தார். பிறகு அவள் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார்.

"போன வாரம் என் கண்ணு ஏமாத்திருச்சு லதா. நான் கை காட்டின எடத்துல நெசமாவே வாத்து உக்காந்திருந்துச்சு. நல்ல வேளை, உதயசூரியன் தும்மினான். எல்லாம் பறந்து தப்பிச்சுருச்சு."

அவள் புரியாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தப் பக்கம் இருக்குன்னு துல்லியமாத் தெரிஞ்சாத்தானே, இல்லாத பக்கமா இவங்களை அனுப்ப முடியும்."